பனி நாட்டுப் பயணத்தை நம் மக்களிடம் விற்பது எப்படி? கேள்வி பதில்

கோலாலம்பூரில் குளிர்காலச் சுற்றுலா விற்கும் முகவர் ஒருவர், தொழிலுக்குப் புதியவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

கிள்ளான்: அக்கா, ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்கான பேக்கேஜுக்கு அழகழகாகப் பனிப் படம் போடுகிறேன். லைக் குவிகிறது, முன்பணம் கட்ட ஆளில்லை. என்ன குறை?

லைக் போடுவது பிள்ளைகள், தம்பி. போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது அம்மா. பல வீடுகளில் பாட்டியும்தான். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கேமரன்மலைக் குளிர். ஹொக்கைடோவின் பெரிய நகரமான சப்போரோவில் பிப்ரவரி இரவு மைனஸ் 6, 7 டிகிரி என்றால் மூட்டுவலி தாங்குமா, வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது என்று மனசுக்குள் ஓடும். உங்களிடம் கேட்க மாட்டார்கள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று முடித்துவிடுவார்கள். கேட்காத அந்தக் கேள்விக்கு விளம்பரத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

சப்போரோவில் ஒரு குளிர்காலத்தில் ஏறக்குறைய 5 மீட்டர் பனி கொட்டும். அங்கேயும் வயதானவர்கள் கடைக்குப் போய் வருகிறார்கள். தெருமுனைகளில் மணல் பெட்டி வைத்திருப்பார்கள். நடைபாதை உறைந்து கிடந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தூவிக்கொண்டு நடக்கலாம். காலணிக்கு அடியில் மாட்டும் வழுக்காத பட்டையும் கடைகளில் கிடைக்கும். இதை ஒரு நிமிட வீடியோவாக எடுங்கள்: பாதத்தை முழுதாக ஊன்றி, சின்னச் சின்ன அடியாக எப்படி நடப்பது என்று. பின்னணிப் பாட்டு வேண்டாம், தமிழில் பேசுங்கள்.

இன்னொரு வீடியோவில் உள்ளே போடும் தெர்மல் உள்ளாடை, நடுவில் ஃபிலீஸ் என்ற மெத்தென்ற கதகதப்பான சட்டை, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் என்று மேசைமேல் பரப்பிக் காட்டுங்கள். எது வாடகைக்குக் கிடைக்கும், எதை வாங்க வேண்டும், எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுவது இந்த ஜாக்கெட் வீடியோதான். மலையுச்சிப் படத்தை யாரும் மாமியாருக்கு அனுப்புவதில்லை.

பிறை: டிசம்பர் பயணத்துக்கு எப்போது விளம்பரம் தொடங்கலாம்?

கல்வி அமைச்சின் பள்ளி நாட்காட்டி கையில் இருக்கட்டும். வருட நடுவிலேயே முன்பணம் வாங்கிவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் விளம்பரத்துக்குச் செலவழிப்பது வீண். அப்போது துணிக்கும் பலகாரத்துக்கும்தான் பணம் போகும். சப்போரோ பனி விழா பிப்ரவரித் தொடக்கத்தில் வரும். அந்தத் தேதியைத் தைப்பூசத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காவடி, பால்குடம் எடுக்கிற வீட்டில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நகர மாட்டார்கள். பக்கத்திலேயே சீனப் புத்தாண்டு வந்தால் டிக்கெட் விலையும் ஏறும். பனி விழாவைப் பள்ளிப் பிள்ளைகள் இல்லாத தம்பதிகளுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் விற்பதே நல்லது.

ஜார்ஜ்டவுன்: விலையை எப்படிப் போடுவது?

பினாங்கு வாடிக்கையாளருக்குப் பினாங்கிலிருந்து புறப்படும் விலையைப் போடுங்கள். கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ வரைக்கும் போகும் செலவைப் பிறகு சொன்னால் முகம் மாறும்.

பிரிக்பீல்ட்ஸ்: "சைவச் சாப்பாடு உறுதி" என்று எழுதலாமா?

சமையல்காரரை நீங்களே அழைத்துப் போவதாக இருந்தால் எழுதலாம். ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படையே தாஷி என்ற சாறு. பெரும்பாலும் காய்ந்த கட்சுவோ (சூரை) மீனைச் சீவிப் போட்டு எடுப்பது அது. மிசோ சூப், சோபா நூடல்ஸுக்குத் தரும் குழம்பு, வேகவைத்த காய்கறி என்று எல்லாவற்றிலும் இருக்கும். மேலே பார்த்தால் மீன் தெரியாது. சப்போரோவின் பேர்போன சூப் கறி என்ற நீர்த்த குழம்பிலும் பல கடைகளில் கோழிச்சாறுதான். எந்த நாள் எந்த வேளை இந்திய உணவகம், எந்த வேளை ரைஸ் குக்கரும் பருப்புப்பொடியும் என்று அட்டவணையில் எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டைத் தனியாக ஒரு வரியில் எழுதுங்கள். மாட்டிறைச்சி எந்த வேளையிலும் இல்லை என்பதையும் போடுங்கள், கேட்காமலே நிம்மதி அடைவார்கள்.

ஈப்போ: பின்லாந்து பயணத்தில் "அரோரா நிச்சயம்", அதாவது இரவு வானத்தில் தெரியும் அந்த வண்ண ஒளியைப் பார்ப்பது உறுதி என்று போட்டால் நன்றாக விற்குமே?

விற்கும், திரும்பி வந்ததும் சண்டையும் வரும். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. "அரோரா தேடி மூன்று இரவு" என்று எழுதுங்கள். பின்லாந்தின் வடக்கே உள்ள ரோவனியெமி நகரில் டிசம்பர் நடுவில் பகல் வெளிச்சம் சுமார் 2 மணி நேரம்தான் என்பதையும் மறைக்காதீர்கள். நாய்வண்டி, கலைமான் சவாரி, சாண்டா கிராமம் இவற்றை முன்னால் வையுங்கள். வானம் ஏமாற்றினாலும் பிள்ளைகளுக்குக் குறை இருக்காது.

செந்தூல்: நான் தெரிந்தவர்களை மட்டும் வாட்ஸ்அப்பில் சேர்த்து அழைத்துப் போகிறேன். உரிமம் வேண்டுமா?

பேக்கேஜாகக் கட்டி விற்றால் வேண்டும். 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டம், சுற்றுலா அமைச்சின் உரிமம். இல்லையென்றால் உரிமம் உள்ள நிறுவனத்தின் கீழ் சேர்ந்து செய்யுங்கள், அவர்களின் உரிம எண்ணை விளம்பரத்தில் தெரியும்படி போடுங்கள். "தெரிந்தவர்கள்தானே" என்பதெல்லாம் பணத்தகராறு வரும்வரைக்கும்தான்.

சுங்கை பட்டாணி: ஜூன், ஜூலையில் பனி விற்க வழியுண்டா?

நியூசிலாந்துத் தென் தீவு. குயின்ஸ்டவுன் பக்கம் அப்போதுதான் பனிச்சறுக்குப் பருவம். ஜப்பானுக்குக் குறுகிய பயணமென்றால் மலேசியக் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை. நியூசிலாந்துக்கும் விசா இல்லைதான், ஆனால் மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே எடுக்க வேண்டும். சாப்பாட்டுப் பொருளைப் பற்றிப் புறப்படும் முன்பே வாடிக்கையாளரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பையில் கருவாடோ ஊறுகாயோ இருந்து படிவத்தில் அறிவிக்கவில்லையென்றால் விமான நிலையத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விழும்.