முதிர்வுத் தொகையை எழுதி வாங்குங்கள்: நிலை வைப்பு கேள்வி-பதில்

கே: ஐந்து வருடத்துக்கு 7% வட்டியில் போட்டேன். இப்போது புதிதாகப் போடுபவர்களுக்கு 7.5% தருகிறார்கள். என் பழைய வைப்புக்கும் கூடுமா?

ப: கூடாது. விகிதம் இறங்கியிருந்தால் உங்களுக்குக் குறைத்திருக்கவும் மாட்டார்கள்.

கே: ஓரிடத்தில் பத்து வருட வைப்புக்கு யீல்டு (வருட வருமானம்) 10% என்று விளம்பரம் வந்திருக்கிறது. என்னிடம் இருப்பது 7% வைப்பு. உடைத்துவிட்டு மாறலாமா?

ப: அவசரப்பட்டு உடைக்காதீர்கள். இந்தக் கடிதம் மாதம் தவறாமல் வருகிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். 7% வட்டியில், காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி சேர்ந்தால், 1 லட்சம் பத்து வருடத்தில் ஏறக்குறைய 2 லட்சம் ஆகும். லாபம் 1 லட்சம். அதைப் பத்தால் வகுத்தால் வருடத்துக்கு 10,000. உடனே யீல்டு 10% என்று போட்டுவிடுகிறார்கள். உங்களிடம் இருக்கும் அதே 7%தான் இது! அதையே ஐந்து வருடத்துக்குக் கணக்கிட்டால் 1 லட்சம் சுமார் 1,41,500 ஆகும், யீல்டு 8.3% என்று வரும். காலம் நீள நீள எண் பெருக்கிறது. வட்டி அங்கேயேதான் நிற்கிறது. உண்மையான வருட வருமானம் இரண்டிலும் 7.2%தான்.

கூட்டு வட்டியில் வளர்ந்த பணத்தைத் தனி வட்டிபோல வகுத்துக் காட்டும் இந்த வழக்கம் எனக்குப் பெரும் கோபத்தைத் தருகிறது. 10% பெரிய எழுத்தில், 7% பொடி எழுத்தில். ஓய்வு பெற்றவர்கள் இதை நம்பி, ஓடிக்கொண்டிருக்கும் வைப்பை உடைத்து, அபராதமும் கட்டி, அதே வட்டிக்கு வேறிடம் போகிறார்கள். எங்கே போனாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இன்று 1 லட்சம் போட்டால் முதிர்வுத் தேதியில் என் கைக்கு எவ்வளவு வரும்?" பதிலை எழுதி வாங்குங்கள். இரண்டு இடங்களை ஒப்பிடும்போது காலமும் ஒன்றாக இருக்கட்டும்.

கே: மாத வட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருடத்தில் உடைத்தபோது அசலிலேயே பிடித்துவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா?

ப: விதிமுறையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். பாதியில் உடைத்தால், பணம் உண்மையில் இருந்த காலத்துக்கு உரிய விகிதம்தான் பொதுவாகக் கிடைக்கும், அதிலும் அபராதம் கழியும். ஐந்து வருடத்துக்கு 7%, ஒன்றரை வருடத்துக்கு 6.5%, அபராதம் 1% என்றால் உங்களுக்கு உரியது 5.5%. நீங்கள் 7% கணக்கில் ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள். கூடுதலாக வாங்கியதைத்தான் அசலில் கழித்திருக்கிறார்கள். குறுகிய காலத் தேவை என்றால் வைப்பின் மேல் கடன் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். அதன் வட்டி பெரும்பாலும் வைப்பு வட்டியைவிட 1 முதல் 2% வரை கூடுதல், அவ்வளவுதான்.

கே: நல்ல வட்டிக்கு எங்கே போடலாம்?

ப: எவ்வளவு பணம், எத்தனை வருடம், நடுவில் தேவைப்படுமா? மூன்றையும் எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: பாதுகாப்புக்காக ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் பிரித்துப் போட்டிருக்கிறேன். சரிதானே?

ப: பயனில்லை. வங்கி மூழ்கினால் உங்கள் பணத்தைத் திருப்பித் தரும் வைப்புக் காப்பீட்டின் வரம்பு வங்கிக்குத்தான், கிளைக்கு இல்லை. இந்தியாவில் அது 5 லட்சம் ரூபாய், அசலும் வட்டியும் சேர்த்து. கனடாவில் 1 லட்சம் டாலர், அமெரிக்காவில் 2.5 லட்சம் டாலர். வேறு வேறு வங்கிகளில் பிரியுங்கள். இந்தியாவில் நிதி நிறுவன வைப்புகளுக்கு இந்தக் காப்பீடே கிடையாது; வட்டி கூடுதலாகத் தருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கே: வட்டி ஏறுமா இறங்குமா தெரியவில்லை. நீண்ட காலத்துக்குப் போடப் பயமாக இருக்கிறது.

ப: ஐந்தாகப் பிரித்து 1, 2, 3, 4, 5 வருடங்களுக்குப் போடுங்கள். முதிர்வதை மறுபடி ஐந்து வருடத்துக்குப் போட்டுவாருங்கள். அப்புறம் வருடா வருடம் ஒரு பங்கு கைக்கு வரும். உடைக்கும் தேவையும் குறையும்.

கே: முதிர்ந்தது தெரியாமல் தானாகவே புதுப்பித்துவிட்டார்கள்.

ப: தானியங்கிப் புதுப்பிப்பு வேண்டாம் என்று படிவத்தில் குறித்திருக்க வேண்டும். இப்போதே போய்க் கேளுங்கள், சில இடங்களில் சில நாட்கள் அவகாசம் உண்டு. புதுப்பித்த விகிதம் என்ன, முதிர்வில் எவ்வளவு வரும் என்பதையும் எழுதி வாங்கிவிட்டு வாருங்கள்.