ஹண்டர் ஷோயிங் வகுப்பில் குதிரையும் சவாரி செய்பவரும் எந்தக் கோலத்தில் வளையத்துக்குள் நுழைய வேண்டும்?

இங்கிலாந்தின் கவுண்டி ஷோ ஒன்றில், அதாவது மாவட்ட அளவிலான வேளாண் காட்சி ஒன்றில், குதிரையின் உடலமைப்பையும் நடையையும் மதிப்பிடும் ‘ஷோயிங்’ போட்டியின் ஹண்டர் வகுப்பில் முதல்முறையாகப் பங்கேற்கப் போவதாகவும், குதிரையின் அலங்காரத்திலும் உங்கள் உடையிலும் எது முறை, எது மிகை என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். யார்க்‌ஷயரில் ஒரு லாயத்தில் பல ஆண்டுகளாகக் குதிரைப் பராமரிப்பில் உதவிவருகிறேன். கோடைதோறும் இந்த வகுப்புகளுக்குக் குதிரைகளை ஆயத்தப்படுத்தும் வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது என்பதால், கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஹண்டர் என்பது நாள் முழுவதும் வயல்வெளிகளிலும் வேலிகளுக்கு மேலாகவும் ஒருவரைச் சுமந்து செல்லும் திறனுள்ள குதிரை. எவ்வளவு எடையைச் சுமக்கும் என்பதை வைத்தே இலகு எடை, நடுத்தர எடை, கன எடை என்று வகுப்புகளைப் பிரிக்கிறார்கள். 158 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாத குதிரைகளுக்குச் சிறு ஹண்டர் வகுப்பு தனியாக உண்டு. நடுவர் ஒருவர் உங்கள் குதிரையில் தாமே ஏறி ஓட்டிப் பார்ப்பார். பிறகு சேணத்தைக் கழற்றிவிட்டு உடலமைப்பையும் நடையையும் ஆராய்வார்கள். ஆகவே அலங்காரம் முழுவதற்கும் ஒரே அளவுகோல்தான்: குதிரையின் உடலையும் அசைவையும் நடுவரின் கண்ணுக்குத் தெளிவாகக் காட்டும் எதுவும் சரி, கண்ணைத் தன்பக்கம் இழுக்கும் எதுவும் தவறு.

கடிவாளத்திலிருந்து தொடங்குவோம். அனுபவமுள்ள ஹண்டருக்கு இரட்டை லகான் கொண்ட டபுள் பிரிடில் மரபு. புதுக் குதிரைகளுக்கான நாவிஸ் வகுப்புகளில் ஒற்றை லகான் கொண்ட எளிய ஸ்னாஃபிள் போதும். தோல் பழுப்பு நிறத்தில், அகலமாக, தட்டையாக, தையல் வேலைப்பாடு எதுவுமில்லாமல் இருக்க வேண்டும். நெற்றிப் பட்டையில் வண்ணப் பட்டு நாடா சுற்றுவது, நளினமான சவாரிக் குதிரைகளுக்கான ஹேக் வகுப்பின் வழக்கம். ஹண்டருக்கு அது அறவே பொருந்தாது. மூக்குப் பட்டையின் அகலம் தலையின் பருமனுக்கேற்ப அமைய வேண்டும், ஏனென்றால் பெரிய தலையில் மெல்லிய பட்டையைக் கட்டினால் தலை இன்னும் பெரிதாகத் தெரியும். சேணத்தின் முன்மடிப்பு தோள்பட்டையை மறைக்காதபடி நேராக வெட்டப்பட்டிருக்க வேண்டும். தோளின் சாய்வு நடுவர் தேடிப் பார்க்கும் முதல் அம்சங்களில் ஒன்று. ஆனால் மிக நேரான வெட்டுடைய சேணத்தில் நீண்ட கால்களுடைய நடுவருக்கு உட்கார இடமிருக்காது, ஆகவே காட்சிக்காக வசதியைத் துறக்காதீர்கள். வெள்ளை நமதாத் துணி வேண்டாம். அடியில் ஏதேனும் தேவைப்பட்டால் சேணத்தின் வடிவத்திலேயே வெட்டிய, வெளியே தெரியாத பழுப்புத் துணி போதும்.

பிடரிமயிர்ப் பின்னல்தான் நேரத்தை விழுங்கும் வேலை, திறமை தெரியும் இடமும் அதுவே. கழுத்தின் வலப்புறமாக விழும்படி பழக்கிய மயிரைச் சம அளவுப் பகுதிகளாகப் பிரித்துப் பின்னி, மயிரின் நிறத்திலேயே நூல் கொண்டு தைத்துச் சிறு உருண்டைகளாகச் சுருட்ட வேண்டும். ரப்பர் வளையம் விரைவாக வேலையை முடித்தாலும் தைத்த பின்னலின் திடம் அதற்குக் கிடையாது. கழுத்தில் ஒற்றைப்படை எண்ணிக்கையிலும், நெற்றி மயிரில் ஒன்றுமாகப் பின்னுவது பழைய மரபு. அந்த எண்ணிக்கையைவிட இடம் முக்கியம் என்பது என் கருத்து. குட்டையான கழுத்துக்குச் சிறிய பின்னல்களை அதிகமாகப் போட்டால் நீளமாகத் தோன்றும். மேல்விளிம்பில் தசை குறைந்த கழுத்தில் பின்னல்களைச் சற்று உயர்த்தி நிறுத்தினால் வளைவு கிடைக்கும். ஏற்கெனவே தடித்த கழுத்தில் அவற்றைத் தாழ்த்திப் பதிய வைக்க வேண்டும். மயிரை முந்தைய நாளே கழுவிவிடுங்கள், பளபளப்புத் திரவத்தை மட்டும் அங்கே தெளிக்காதீர்கள். வழுக்கும் மயிரில் பின்னல் நிற்காது.

வாலின் மேற்பகுதியை ஒடுக்கிச் சீராக்கலாம், அல்லது பின்னலாம். அடிப்பகுதியை நேர்கோட்டில் வெட்ட வேண்டும். குதிரை ஓடும்போது வாலைத் தூக்குவதால், அந்த நிலையில் பின்னங்கால் மூட்டுக்குக் கீழே ஒரு கையகலம் வருமாறு அளந்து வெட்டுவது நல்லது. நிற்கும்போது அளந்தால் ஓடும்போது குட்டையாகிவிடும். காதோரமும் தாடையோரமும் குதிகாலும் சுத்தமாகக் கத்தரிக்கப்பட வேண்டும். ஆனால் மூக்கையும் கண்களையும் சுற்றியுள்ள தொடுவுணர்வு முடிகளை விட்டுவிடுங்கள். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் 2021 ஜூலை முதல் அவற்றை வெட்டத் தடை விதித்திருக்கிறது. உள்ளூர்க் காட்சிகளில் எந்த விதி இருந்தாலும், அந்த முடிகள் குதிரைக்கு இருட்டில் வழிகாட்டும் புலன் என்பதால் நான் தொடுவதில்லை. பின்தொடையில் ஈரச் சீப்பால் போடும் வடிவங்களில் ஹண்டருக்குப் பக்கவாட்டு ‘சுறாப்பல்’ கோடுகள் ஏற்றவை. நுணுக்கமான சிறு கட்டங்களை ஹேக்குக்கு விட்டுவிடலாம்.

இனி உங்கள் உடை. பகல்நேர வகுப்புகளுக்கு ட்வீட் என்னும் தடித்த கம்பளித் துணிக் கோட்தான் மரபு. பச்சை, பழுப்பு போன்ற மங்கிய நிறங்களில், சேணத்தில் அமரும்போது பின்பக்கம் சீராக விழும் நீளத்தில் இருக்கட்டும். சட்டைக் காலரும் டையும் கட்டாயம். டை காற்றில் பறக்காமல் ஊசி குத்திக்கொள்ளுங்கள். பிரீச்சஸ் எனும் சவாரிக் காற்சட்டை வெளிர் மஞ்சள் அல்லது மணல் நிறத்தில் இருக்க வேண்டும், வெள்ளை கூடாது. வேலைப்பாடில்லாத கருப்பு அல்லது பழுப்பு நீள பூட்ஸ், பழுப்புத் தோல் கையுறை, முனை கீழ்நோக்கிய சிறு ஸ்பர் (பூட்ஸின் குதியில் மாட்டும் குதிமுள்), எளிய பிரம்பு ஆகியவை போதும். கழுத்தணி, தொங்கும் காதணி, மினுக்கும் கற்கள் எதுவும் வேண்டாம்; நீண்ட கூந்தலை வலையில் அடக்கிவிடுங்கள். மரபான தலையணி உருண்டை வடிவ பவுலர் தொப்பி. என்றாலும் தாடைப்பட்டையுடன் கூடிய, அடர்நிற வெல்வெட் உறையிட்ட பாதுகாப்புத் தொப்பியையே உங்களுக்குச் சொல்வேன். புது வளையத்தில், புதுக் கூட்டத்தின் நடுவே குதிரை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

பர்மிங்ஹாமில் நடக்கும் ‘ஹார்ஸ் ஆஃப் தி இயர் ஷோ’ போன்ற பெரிய காட்சிகளின் மாலைச் சுற்றுகளில் ட்வீட் விலகி, வேட்டைக்களத்து முழு உடை வருகிறது: ஆண்களுக்குச் சிவப்பு அல்லது கருப்பு கோட், சிவப்புக் கோட்டுக்கு வெள்ளை பிரீச்சஸும் மேல்விளிம்பில் பழுப்புப் பட்டை கொண்ட பூட்ஸும்; பெண்களுக்குக் கருநீலம் அல்லது கருப்பு கோட். கழுத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, ஊசியைக் கிடைமட்டமாகக் குத்துவார்கள். விழுந்தால் ஊசிமுனை தொண்டையில் பாயாமலிருக்க இந்த ஏற்பாடு. காயத்துக்குக் கட்டுப்போட அதே துணி உதவும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களைக் கொண்டு வேட்டையாடுவது 2005 பிப்ரவரியிலிருந்து சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்தாலும், களத்தில் பிறந்த இந்த உடைமுறை காட்சி வளையத்தில் தொடர்கிறது. முதல் காட்சிக்கு இதற்காகச் செலவு செய்யாதீர்கள்.

ஒர்க்கிங் ஹண்டர் வகுப்பில் தடைகளைத் தாண்ட வேண்டியிருப்பதால் முன்மடிப்பு சற்று நீண்ட சேணமும் உடற்கவசமும் ஏற்கப்படும். மற்ற விவரங்களுக்கு, நீங்கள் செல்லும் காட்சி எந்தச் சங்கத்தின் விதிப்படி நடக்கிறது என்று பார்த்து, அதன் நடப்பாண்டு விதிநூலைப் படித்துவிடுங்கள்.

உங்கள் உதவியாளரின் உடையும் கவனத்துக்குரியது. சேணம் கழற்றும் நேரத்தில் அவரும் வளையத்துக்குள் வருவார் என்பதால் கோட், டை, தொப்பி, சுத்தமான காலணி அவருக்கும் வேண்டும். கையில் மெல்லிய துணி, பிரஷ், ஈரப் பஞ்சு ஆகியவை இருந்தால் சேணம் பதிந்த வியர்வைத் தடத்தை உடனே துடைத்துவிடலாம். சேணம் அமரும் இடத்திலும் பளபளப்புத் திரவம் படக் கூடாது. நடுவர் ஓட்டும்போது சேணம் நழுவினால் அத்தனை உழைப்பும் வீண். அங்கவடி வார்களில் நடுவரின் உயரத்துக்கேற்ப நீட்டவும் குறைக்கவும் போதிய துளைகள் இருக்கின்றனவா என்பதை வீட்டிலேயே சரிபார்த்து, உங்களைவிட உயரமான ஒருவரையும் குட்டையான ஒருவரையும் முன்கூட்டியே அந்தக் குதிரையில் ஏற்றிப் பழக்குங்கள்.