தையலோடு வேறு தொழிலும் செய்யலாமா? படுவான்கரையிலிருந்து ஒரு பதில்

கேள்வி: "மட்டக்களப்பில் வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கிறேன். இன்னும் ஒன்றிரண்டு தொழில் தொடங்க விருப்பம். ஒன்றையே பெரிதாக்கு என்கிறார்கள் வீட்டில். பல தொழில் செய்யும் பெண்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? வழிகாட்ட ஒரு ஆள் கட்டாயம் வேண்டுமா?"

தாராளமாகச் செய்யலாம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் என் வீட்டில் தையல், கறித்தூள், ஊர்க்கோழி மூன்றும் நடக்கிறது. ஒன்றையே பெரிதாக்கச் சொல்வது மாதச் சம்பளம் வாங்குபவர்கள் நிறைந்த இடத்துக்குச் சரி. படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில்) சனத்தின் கையில் காசு புழங்குவது வேளாண்மை, அதாவது நெல், வெட்டிய பிறகுதான். பெரும்போகம் மாசி, பங்குனியில் வெட்டுப்படும், சிறுபோகம் ஆவணியை ஒட்டி. மற்ற மாதங்களில் பிளவுஸ் தைக்க வருகிறவர்களும் "வெட்டு முடியத் தாறன் அக்கா" என்றுதான் துணியைத் தருவார்கள்.

அதனால் இரண்டாவது தொழிலைத் தெரிவு செய்யும்போது எதில் லாபம் கூட என்று பார்ப்பதை விட, முதல் தொழில் படுத்திருக்கும் மாதங்களில் எது ஓடும் என்று பாருங்கள். தையலுக்கு வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, சிறுபோக வெட்டை ஒட்டித் தான்தோன்றீஸ்வரர் தேர், பிறகு தீபாவளி, பொங்கல், பள்ளிக்கூடம் தொடங்கும் காலம். இடையில் மிசின் சும்மாதான் கிடக்கும். கறிக்குத் தூள் போடாத நாள் உண்டா? மழை வெள்ளத்தில் றோட்டு மூடினாலும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூள் வேண்டும். ஆனால் மாரியில் மிளகாய், மல்லியைக் காயவைக்க வெயில் கிடையாது. மழைக்கு முன்பே இடித்து, காற்றுப் புகாமல் கட்டி வைக்க வேண்டும். அதற்கு முதலீட்டுக் காசு வேண்டும், அந்தக் காசு தேர்க்காலத் தையலிலிருந்து வருகிறது. நெல் மில்லில் கிடைக்கும் தவிடும் குறுணலும் கோழிக்குப் போகின்றன. இப்படி ஒன்று மற்றொன்றுக்குக் கை கொடுக்காவிட்டால் அது பல தொழில் இல்லை, பல தலையிடி.

இந்த ஏற்பாடு தாங்குமா என்று 2021, 2022 இல் நன்றாகவே தெரிந்தது. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்ததும் அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. வெட்டு முடிந்தும் காசு இல்லாததால் தையலும் படுத்துவிட்டது. சோளத்துக்கும் தட்டுப்பாடு வந்து கோழித்தீன் விலை ஏறியதால் குஞ்சுகளைக் குறைத்து, தாய்க்கோழிகளை மட்டும் வைத்துக்கொண்டேன். தூள்தான் வீட்டைத் தூக்கிப் பிடித்தது. பெரிய பாக்கெட் வாங்க முடியாதவர்கள் நூறு கிராம், ஐம்பது கிராம் என்று கேட்டார்கள், அந்த அளவிலேயே கட்டிக் கொடுத்தேன்.

வழிகாட்டி பற்றிக் கேட்டீர்கள். நான் தையல் துணி எடுப்பது காத்தான்குடியில். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கும் வரை அந்தக் கரைக்குப் போகப் பாதையில் ஏற வேண்டும் (வெளியூர்க்காரருக்கு: பாதை என்றால் இங்கே வாவியைக் கடக்கும் மிதவை), இல்லாவிட்டால் வலையிறவுப் பக்கம் சுற்றிப் போக வேண்டும். பாலம் வந்த பிறகு போக்குவரத்துக் கூடியது, துணிக்கடையில் இருக்கும் ராத்தாவோடு (முஸ்லிம் அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கதையும் கூடியது. அவர்தான் என் வழிகாட்டி. வகுப்பு எடுத்தவர் இல்லை, சான்றிதழும் இல்லை. எந்தப் பெண் கணக்குக் கொப்பியைக் காட்டினாலும் ஒரு வரியைத்தான் முதலில் தேடுவார். "மிளகாய்க் காசு இரிக்கி, மில் காசு இரிக்கி, உங்கட கூலி எங்க தங்கச்சி?" என்பார். நமது கொப்பிகளில் அந்த வரிதான் இருக்காது. வறுக்கும்போது நிறை குறைவது, பாக்கெட்டும் லேபலும், சந்தைக்குப் போகும் பஸ் காசு எல்லாம் சேர்த்து, அதன் மேல் நமது நாள் கூலியையும் போட்ட பிறகு வருவதுதான் அடக்க விலை. அதற்குக் குறைத்து விற்பவள் வியாபாரம் செய்யவில்லை, ஊருக்கு அன்னதானம் செய்கிறாள்.

நல்ல வழிகாட்டிக்கு இன்னொரு அடையாளம், வேண்டாம் என்று சொல்லும் துணிவு. எங்கள் பக்கம் யுத்தத்துக்கும் சுனாமிக்கும் பிறகு வாழ்வாதாரம் என்றாலே தையல் மிசினும் கோழிக்குஞ்சும்தான். ஒரே ஒழுங்கையில் பத்து வீட்டுக்கு மிசின் கொடுத்தால் யார் யாருக்குத் தைப்பது? கேக் ஐசிங், பியூட்டி பார்லர் என்று பயிற்சிக்குக் கூப்பிடும்போது போங்கள், பழகுங்கள். முதல் போடுவதற்கு முன்பு உங்கள் ஊரில் அதை ஏற்கெனவே எத்தனை பேர் செய்கிறார்கள் என்று முகத்துக்கு நேரே கேட்கும் ஒருவரிடம் கதையுங்கள். அவர் உறவுக்காரராக இல்லாமல் இருப்பது நல்லது. மச்சாளிடம் கேட்டால் மனம் நோகாமல்தான் பதில் வரும்.

சமூக ஆதரவு என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அதில் இரண்டு பக்கம் உண்டு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் எனக்குப் பெரிய பலம். கோயில் அன்னதானத்துக்கோ கல்யாணத்துக்கோ மொத்தமாகத் தூள் கேட்டால் சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் கூலிக்கு வந்து மிளகாய்க் காம்பு கிள்ளித் தருவார்கள். சீட்டுக் காசில்தான் அரைக்கும் மிசின் வாங்கினேன். அதே சமூகம்தான் கடனுக்கும் வாங்கும். சொந்தக்காரரிடம் மறுக்க முடியாது, அதனால் ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று எல்லை வைத்திருக்கிறேன், பழைய பாக்கி தீராமல் புதிதாகக் கொடுப்பதில்லை. குழுக் கடன் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்பதால் கிழமைக்குக் கிழமை வசூலுக்கு வரும்போது பக்கத்து வீட்டுக்காரரே பகையாகி விடுவார்கள். நுண்கடன் எங்கள் பெண்களை எவ்வளவு நெருக்கியது என்பதற்கு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபா வரையான கடன்களுக்கு 2018 இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்ததே போதும். வெட்டுக்கு வெட்டு வரும் வருமானத்தை வைத்துக் கிழமைத் தவணைக் கடன் எடுக்காதீர்கள்.

அலுவலக வேலைகள் பயப்படும் அளவுக்கு இல்லை. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்திலேயே பதியலாம், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் வேண்டும். சாப்பாட்டுப் பொருள் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத் தொடங்க முன்பே கூட்டி வந்து இடத்தைக் காட்டிவிடுங்கள். பொதியிடல், உலர்த்தல் பழக விதாதா நிலையத்தில் (சிறுதொழிலுக்குத் தொழில்நுட்பம் பழக்கும் அரச நிலையம்) கேளுங்கள். கோழி வளர்க்க நினைத்தால் ராணிக்கெட் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசிக்கு அரச கால்நடை வைத்தியரிடம் முதலிலேயே போங்கள், நோய் வந்த பிறகு போய்ப் பலனில்லை.

எதைத் தெரிவு செய்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் தொடங்க வேண்டாம். தூள் காயாது, குஞ்சு நனைந்து சாகும், சனத்திடமும் காசு இருக்காது. அந்த மாதங்களில் இருக்கிற தையலைப் பார்த்துக்கொண்டு, ராத்தா கேட்கிற மாதிரி உங்கள் கூலியையும் சேர்த்து ஒரு கொப்பியில் விலை போட்டுப் பாருங்கள். தை கழிந்து வெள்ளம் வடிந்து, வேளாண்மை வெட்டத் தொடங்கும் நேரத்தில் முதல் பாக்கெட்டைச் சந்தைக்குக் கொண்டுபோனால் போதும்.