சதுரங்க ஆட்டத்தின் நடுவே வீரர் இறந்தால் முடிவு என்ன?

சென்னையில் மகனைப் போட்டிகளுக்கு அழைத்துப் போகும் ஒரு அப்பா கேட்ட கேள்வி இது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் மரணத்துக்கென்று தனி விதி கிடையாது. விதிகளில் நேரடியாகச் சொல்லப்படாத சூழலில், அதைப் போன்ற வேறு நிலைமைகளைப் பார்த்து நடுவர் முடிவெடுக்கலாம் என்று முன்னுரையே சொல்கிறது.

கடிகாரத்தை மட்டும் பார்த்தால், நேரம் தீர்ந்தவர் தோற்றவர். எதிராளியால் எந்த வழியிலும் மேட் செய்ய, அதாவது ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்க, முடியாத நிலை என்றால் டிரா. ஆனால் ஒருவர் சரிந்து விழும்போது கடிகாரத்தையா பார்ப்பது? ஆட்டத்தை இடையில் நிறுத்த வேண்டி வந்தால் இரு கடிகாரங்களையும் நிறுத்த வேண்டியது நடுவர்தான். முதலில் ஆம்புலன்ஸ், முடிவெல்லாம் அப்புறம்.

நாடுகளின் அணிகள் மோதும் சதுரங்க ஒலிம்பியாட் 2014இல் நார்வேயின் ட்ரொம்சோவில் நடந்தபோது, கடைசிச் சுற்றில் சீஷெல்ஸ் வீரர் ஒருவர் ஆட்டத்தின்போதே சரிந்து, பிறகு மருத்துவமனையில் இறந்தார்.  முதியவர்களும் ஆடும் நம் ஊர் ஓப்பன் போட்டிகளிலும் முதலுதவி தெரிந்த ஒருவர் அரங்கில் கட்டாயம் இருக்க வேண்டும்.