சிக்னல் ப்ராசசிங் நிரலை பேரலலாக ஓட்டுவது: கேள்வி பதில்

கேள்வி: 100 டேப் (சாம்பிள்களைப் பெருக்கும் எண்கள்) உள்ள எஃப்ஐஆர் ஃபில்டரை (உள்ளீட்டை மட்டும் வைத்து வெளியீட்டைக் கணக்கிடும் வடிகட்டி) நான்கு த்ரெட்டாக, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் நான்கு இழைகளாகப் பிரித்தேன். ஒரு தடவைக்கு எடுக்கும் பஃபர் 64 சாம்பிள் (சிக்னலின் அளவீடுகள்). முன்பைவிட மெதுவாக ஓடுகிறதே?

பதில்: வேலை அவ்வளவு சிறியது. மொத்தமே 6,400 பெருக்கல்களும் கூட்டல்களும்தான். சிபியுவின் ஒரே கோர் (தனியாகக் கணக்கிடும் பகுதி) சில மைக்ரோசெகண்டில் முடித்துவிடும். த்ரெட்டுகளை எழுப்பி, எல்லாம் முடியும்வரை காத்திருப்பதற்கே அதைவிட அதிக நேரம் போகிறது. முதலில் கோருக்குள் இருக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஏவிஎக்ஸ் என்பது ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வசதி; அதன் 256 பிட் ரெஜிஸ்டரில் 32 பிட் ஃப்ளோட் (தசம எண்) எட்டு அடங்கும். எஃப்ஐஆரின் ஒவ்வொரு வெளியீடும் உள்ளீட்டை மட்டுமே நம்பியிருப்பதால், எட்டு வெளியீடுகளைச் சேர்த்தே கணக்கிடலாம்.

கேள்வி: அதையே ஐஐஆருக்கு (தன் முந்தைய வெளியீடுகளையும் பயன்படுத்தும் ஃபில்டர்) செய்தால் விடை தப்பாக வருகிறது.

பதில்: வரத்தான் செய்யும். அங்கே முந்தைய வெளியீடு கைக்கு வராமல் அடுத்ததைத் தொடங்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதிய வெளியீடு = 0.9 × முந்தைய வெளியீடு + உள்ளீடு என்று வையுங்கள். 'முந்தைய வெளியீடு' இருக்கும் இடத்தில் அதன் சமன்பாட்டையே போட்டால், 0.81 × அதற்கும் முந்தைய வெளியீடு + 0.9 × முந்தைய உள்ளீடு + இப்போதைய உள்ளீடு என்று ஆகும். இப்போது ஒற்றைப்படை சாம்பிள்கள் ஒரு சங்கிலி, இரட்டைப்படை இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. மொத்தக் கணக்கு கூடும், ஆனால் காத்திருப்பு குறையும்.

உங்களிடம் எட்டு சேனல் இருந்தால் இந்த வித்தை எதுவுமே வேண்டாம். ரெஜிஸ்டரின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சேனலை வையுங்கள், போதும். பைக்வாட்களை (இரண்டாம் படி கொண்ட சிறு ஐஐஆர் ஃபில்டர்கள்) வரிசையாகக் கோத்திருந்தால், இரண்டாவது பைக்வாட் ஒரு சாம்பிளைப் பார்க்கும்போதே முதலாவது அடுத்த சாம்பிளை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வெக்டருக்கு (பல எண்களைச் சேர்த்தே கணக்கிடும் முறை) மாற்றியதும் கடைசி தசம இலக்கங்கள் மாறுகின்றன. பிழையா?

பதில்: இல்லை. ஃப்ளோட் கூட்டலில் வரிசை மாறினால் ரவுண்டிங்கும் மாறும். கூட்டல் லூப்பை கம்பைலர் தானாக வெக்டராக்கத் தயங்குவதும் இதனால்தான். வரிசையை மாற்றலாம் என்று நீங்கள் ஆப்ஷன் கொடுத்து அனுமதிக்க வேண்டும். சோதனையில் பிட்டுக்குப் பிட் ஒப்பிடாமல், ஒரு சிறு வித்தியாசத்துக்கு இடம் விடுங்கள்.

கேள்வி: எஃப்எஃப்டியை (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) ஜிபியுவுக்கு (கிராஃபிக்ஸ் சிப்) அனுப்பலாமா?

பதில்: 1024 புள்ளி ரேடிக்ஸ்-2 (இரண்டிரண்டாகப் பிரிக்கும்) எஃப்எஃப்டியில் 10 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 512 பட்டர்ஃப்ளை (இரண்டு மதிப்புகளைச் சேர்க்கும் சிறு கணக்கு). ஒரே கட்டத்துக்குள் எல்லாம் தனித்தனி. ஆனால் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். பதிவு செய்து வைத்த சிக்னலில் ஆயிரக்கணக்கான எஃப்எஃப்டியை ஒரே தொகுப்பாக எடுப்பதானால் தாராளமாக அனுப்புங்கள். நேரடி ஒலியில் ஒன்றே ஒன்றுக்காக என்றால் வேண்டாம், டேட்டா போய்த் திரும்புவதற்குள் சிபியுவே முடித்துவிடும்.

கேள்வி: லாக் (த்ரெட்டுகளை ஒன்றுக்காக ஒன்று காக்கவைக்கும் பூட்டு) எதுவும் இல்லை. ஒவ்வொரு த்ரெட்டும் ஒரே அரேயில் தன் இடத்தில் மட்டும்தான் எழுதுகிறது. அப்படியும் மந்தம்.

பதில்: அந்த இடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவா? கோர் தன் வேக நினைவகமான கேஷுக்கு மொத்தமாக எடுக்கும் துண்டுதான் கேஷ் லைன், அது பெரும்பாலும் 64 பைட். ஒரே லைனில் இரண்டு கோர்கள் எழுதினால் அது இங்கும் அங்கும் அலைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு த்ரெட்டின் கூட்டுத்தொகையையும் லோக்கல் மாறியில் வைத்து, கடைசியில் ஒருமுறை மட்டும் அரேயில் எழுதிப் பாருங்கள்.