கேஸ் வாடை வந்தால் பதறாமல் இருப்பது எப்படி?

நள்ளிரவில் சமையலறையிலிருந்து கேஸ் வாடை வந்தால் கைகால் ஓடுவதில்லை, நிதானத்தை எப்படிக் காப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யக்கூடாதது எது என்பதை முன்கூட்டியே மனத்தில் பதித்துக்கொள்வதே இதற்குப் பெரிய துணை. ஏனெனில் இருட்டில் கை தானாகப் போவது சுவிட்சுக்குத்தான், அதில் எழும் சிறு பொறியே தீப்பிடிக்கப் போதுமானது. எரியும் விளக்கை அணைப்பதும், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதும் அதே அளவு ஆபத்தானவை.

"ரெகுலேட்டர், கதவு, வெளியே" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செயல்படுங்கள். சொல்லச் சொல்ல மனம் அடுத்த வேலையைப் பற்றிக்கொள்ளும். ரெகுலேட்டரின் குமிழை மூடி, அதைக் கழற்றி, சிலிண்டரோடு நூலில் தொங்கும் பாதுகாப்பு மூடியை அழுத்திப் பொருத்துங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும் என்பதால், ஜன்னல்களோடு நின்றுவிடாமல் வாசல் கதவையும் விரியத் திறந்து, எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். வாடை மிகக் கடுமையாக இருந்தால் சிலிண்டரை நெருங்கவே வேண்டாம். 1906 என்ற அவசர எண்ணை வெளியே வந்த பிறகே அழையுங்கள்.

பல வீடுகளில் ரெகுலேட்டரைக் கழற்றத் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார் என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. ஒரு பகல்வேளையில், அடுப்பும் பூஜை விளக்கும் எரியாதபோது, வீட்டுப் பெரியவர்கள் அனைவரும் அதைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள்.