வாசிப்பவர் யார்?

கேள்வி: நரிமன் பாயிண்டில் சிம்பனி கேட்கப் போகிறவர்கள் கையளவு பணக்காரர்கள். அதற்குப் பெரிய பெரிய நன்கொடை வேறு. இதனால் மும்பைக்கு ஒரு காசு லாபம் உண்டா?
– ஒரு வாசகர், செம்பூர்

பதில்: டிக்கெட் பணத்தை மட்டும் எண்ணினால் நஷ்டம்தான். பெரிய சிம்பனிக்குழு எதுவும் டிக்கெட் விற்றே பிழைப்பதில்லை. ஐரோப்பாவில் பெரும்பாலும் அரசு மானியம், அமெரிக்காவில் நன்கொடை. (நம் சபா கச்சேரிகள் மட்டும் டிக்கெட் காசிலா நடக்கின்றன? புரவலர்களை எடுத்துவிட்டுப் பாருங்கள்!)

ஆனாலும் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தப்பான ஆள் மேல் போகிறது, அவ்வளவுதான். கேட்பவரை விடுங்கள், வாசிப்பவர் யார்? 2006-இல், நரிமன் பாயிண்டில் உள்ள நிகழ்கலை மையமான என்.சி.பி.ஏ.வின் குஷ்ரு சன்டூக்கும் கஜகஸ்தான் வயலின் கலைஞர் மராட் பிசென்காலியேவும் சேர்ந்து சிம்பனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார்கள். இங்கேயே இருந்து வாசிப்பவர்கள் சிறு கூட்டம்தான். சீசனுக்கு மேடை நிறைய வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டும். சீசன் முடிந்ததும் சம்பளமும் அவர்களோடு விமானம் ஏறிவிடும்.

இத்தனைக்கும் இந்த ஊருக்கு வயலினும் டிரம்பெட்டும் புதிதா என்ன? மெஹ்லி மேத்தா 1935-லேயே இங்கே சிம்பனிக்குழு அமைத்தவர். அவர் மகன், உலகப் புகழ் பெற்ற சிம்பனி இசை நடத்துநர் சுபின் மேத்தா பிறந்ததும் இங்கேதான். ஐம்பது, அறுபதுகளின் இந்திப் பட ரிக்கார்டிங்குகளில் நோட்ஸ் பார்த்து வாசித்தவர்களில் பெரும்பங்கு கோவாக்காரர்கள். அவர்களில் ஒருவரான ஆண்டனி கொன்சால்வெஸ் 1958-இல் சொந்தமாக ஒரு சிம்பனிக்குழுவே தொடங்கிப் பார்த்தார். அப்புறம் கீபோர்டு வந்தது. ஒரு வரிசை வயலின்காரர்கள் செய்த வேலையை ஒருவர் உட்கார்ந்து முடித்தார். அடுத்த தலைமுறை வேறு பிழைப்பு தேடிப் போயிற்று. அந்தத் தொடர்ச்சி அறுந்ததற்குத்தான் இன்று விமானக் கட்டணம் கொடுக்கிறோம்.

2025 மார்ச்சில் இளையராஜா தன் சிம்பனியை லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழுவை வைத்து அரங்கேற்றினார். மாட்டுங்காத் தமிழர்கள் முழுக்கப் பெருமைப்பட்டோம், சரி. அத்தனை வாத்தியக்காரர்கள் இங்கே ஏன் இல்லை என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

அதனால் கச்சேரியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, 2012-இல் என்.சி.பி.ஏ.விலேயே ஆரம்பித்த இசைப்பள்ளி. சின்ன வயதிலேயே பிடித்து ரஷ்ய முறையில் சொல்லித்தருகிறார்கள். செல்லோ என்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியத்தில் ஒரு நல்ல கலைஞர் உருவாகப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். நன்கொடையில் எவ்வளவு அந்தப் பள்ளிக்குப் போகிறது? படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் மேடையில் நாற்காலி பிடிக்கிறார்கள்? தாராவிப் பிள்ளைக்கு அங்கே இடம் உண்டா? இதையெல்லாம் கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நகலை எனக்கு அனுப்பினால் இதே பக்கத்தில் போடுகிறேன்.